அளவுச் சட்டை

சைக்கிள் டியூபை நறுக்கினால் உள்ளேயிருந்து வெள்ளைப் பவுடர் கொட்டும். அந்தப் பவுடரும் ரப்பரும் கலந்த வாசனை விரலில் ஏறிவிட்டால் இரண்டு முறை சோப்பு போட்டாலும் போகாது. ஒன்பதாம் வகுப்பு முழுக்க என் வலது கையில் அந்த வாசனைதான். அந்தக் கையால்தான் சாப்பிட்டேன், சிலுவை போட்டுக்கொண்டேன், ஈட்டி எறிந்தேன்.

அதற்கு முந்தின வருஷம் எனக்கு எறிய மட்டும்தான் தெரியும். விழுப்புரத்தில் மாவட்டப் போட்டி முடிந்து திண்டிவனம் திரும்பிய மறுநாள் காலை, சீப்பு பிடித்த கை காதுக்கு மேலே ஏறவில்லை. ஒரு மாதம் அம்மாதான் முணுமுணுத்துக்கொண்டே எனக்குத் தலை பின்னிவிட்டார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்த்த அக்கா, எறிவதற்கு முன்பக்கத் தோள், எறிந்த கையை நிறுத்துவதற்குப் பின்பக்கத் தோள், உனக்குப் பின்பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று சொல்லி, மருந்துச் சீட்டின் பின்னால் படம் போட்டுக் கொடுத்தார். ஜன்னல் கம்பியில் டியூபைக் கட்டி, முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி, இடையில் செருகிய துண்டு கீழே விழாமல் டியூபை வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். இழுத்ததை மெதுவாக விட வேண்டும். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை, ஆனால் இருபதாவது தடவையில் தோள் எரியும். ஒரு நாள்கூட விடாமல் செய்தேன். வலி போனது, தோள் அகன்றது.

அகன்றதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. கிறிஸ்துமஸ் துணி தைக்க அம்மா எப்போதும் போன வருஷத்துச் சுடிதாரைத்தான் "அளவுச் சட்டை" என்று டெய்லரிடம் கொடுப்பார், "நீளத்துல மட்டும் ரெண்டு வெரக்கடை வுட்டுத் தைங்க" என்பார். பெண் பிள்ளை நீளத்தில் மட்டும்தான் வளர வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. அந்த வருஷமும் அப்படியே தைத்து வந்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டுக்கொண்டேன். காலைத் திருப்பலி முடிந்து, குழந்தை இயேசு சொரூபத்தை முத்தமிட வரிசையில் நின்று, குனிந்து கையை நீட்டினேன். தோள் தையல் "டர்ர்" என்று முதுகுவரை விட்டது. கோயிலே திரும்பிப் பார்த்தது.

பின்னால் நின்ற பெரியம்மா தன் சேலைத் தலைப்பால் என்னைப் போர்த்தி வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். வீடு வரும்வரை வாய் ஓயவில்லை. "பொம்பள புள்ளைக்கு இன்னாத்துக்கு இவ்ளோ தோளு? நாளைக்கு எவன் கட்டிக்குவான்?" என்றார். அம்மா நேரே போய் ஜன்னலிலிருந்து டியூபை அவிழ்த்தார். அந்த வருஷத்து மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. டியூப் இல்லாமல் எறிந்தால் கை மறுபடி போகும், எறியாவிட்டால் போட்டியே போகும். அன்று எனக்கு வந்த கோபம் இன்றும் முழுசாக ஆறவில்லை.

மறுநாள் காலை டியூப் எங்கே இருந்தது தெரியுமா? அப்பாவின் மொபெட் கேரியரில், மல்லாட்டைக் கடலை மூட்டையைக் கட்டிக்கொண்டு இருந்தது. நான் அவிழ்த்தேன். ஜன்னலுக்குப் போகவில்லை. தெரு விளக்குக் கம்பத்தில், எதிர்வீடு பக்கத்துவீடு எல்லாம் பார்க்கக் கட்டி, துண்டைச் செருகிக்கொண்டு இழுத்தேன். வீட்டுக்குள்ளேயே செய்ததால்தானே பறித்தார்கள், இனி எல்லோரும் பார்க்கட்டும் என்று இருந்தது. பால் வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பெரியம்மா வாசலில் நின்று கத்தினார். அப்பா மூட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, "ஜல்தியா முடிமா, மண்டிக்குப் போவணும்" என்றார், அவ்வளவுதான். மூன்று வாரமும் அப்படித்தான் நடந்தது. அம்மா வாசல் பக்கமே வரவில்லை.

விழுப்புரத்தில் இரண்டாவதாக வந்தேன். அதைப் பற்றி வீட்டில் பெரிதாகப் பேச்சில்லை. மறுநாள் காலை கண்ணாடி முன் நின்று இரட்டைப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தபோது, இரண்டு கையும் தலைக்கு மேலே இருக்க, அம்மா அடுப்பை விட்டு வந்து பார்த்துக்கொண்டே நின்றார். ஈஸ்டர் துணிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு டெய்லரிடம் போனார். அவர் வழக்கம்போல அளவுச் சட்டை கேட்டார்.

"அது இல்லீங்க. இவளையே அளவு எடுங்க" என்றார் அம்மா.

அந்தத் தையல் கடை இப்போது இல்லை, அந்த இடத்தில் செல்போன் கடை. விளக்குக் கம்பத்தையும் மாற்றிவிட்டார்கள். நான் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கும் பள்ளியில் டியூபுக்குப் பதில் பச்சை, சிவப்பு ரப்பர் பட்டைகள் வந்துவிட்டன. போனதற்காக நான் ஏங்கவில்லை. போகாமல் இருப்பதுதான் எரிச்சல். போன வாரம் கோலியனூரிலிருந்து ஒரு மாணவியின் அம்மா வந்தார். தோளில் கிழிந்த சுடிதாரைச் சாட்சிக்கு எடுத்து வந்திருந்தார்.

"தோளு ஆம்பள மாரி ஆய்க்கினு போவுது டீச்சர். நிறுத்திடுங்க."

அதை வாங்கி நாலாக மடித்து, ஈட்டி துடைக்கும் துணிகளோடு வைத்தேன்.

"இது இனிமே அவளுக்குப் பத்தாதுங்க. அவளக் கூட்டிக்கினு போயி அளவு எடுங்க" என்றேன்.