அண்ணன் பெயருக்கு விட்ட தண்ணீர்

என் அண்ணன் கடற்படையில் அதிகாரி. கப்பல் எங்கே நிற்கிறது, இனி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்த்து, வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுச் சொல்வதுதான் அவர் வேலை. எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்துக்குப் போன அவருடைய கப்பல் திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. காணவில்லை, இறந்திருக்கலாம் என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. அண்ணி அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு, கைக்குழந்தையோடு கண்ணாடி முன்னால் போய்க் குங்குமம் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அல்சூரில் எங்கள் வீட்டில் அண்ணனுக்குத் திதி கிடையாது.

"ஊருக்கே வழி சொன்ன மனுஷன். வீட்டுக்கு வர வழி தெரியாமலா போயிடுவார்?" என்பார்கள் அண்ணி.

அந்தக் குழந்தை வளர்ந்து, எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், அப்பா பார்த்த அதே வேலைக்குப் போனான். கார்கில் சண்டை வந்தபோது அவன் கப்பலும் மும்பையிலிருந்து கிளம்பியது. எங்கே என்று சொல்லக் கூடாதாம். அப்புறம் ஐந்து வாரம் போன் இல்லை.

"சண்டை மலையிலப்பா, நீ ஏன் தண்ணியைப் பார்த்துப் பயப்படறே?" என்று நான் வேலை பார்க்கும் ஃபேக்டரியில் கேலி செய்தார்கள். என் பயம் வேறு. அண்ணனுக்கு இத்தனை வருஷம் ஒரு வாய் தண்ணீர் தராமல் வைத்திருக்கிறோமே, அந்தத் தாகம் பிள்ளை மேல் இறங்கிவிடுமோ என்று சாமி கும்பிடும்போதெல்லாம் தோன்றியது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அண்ணி, பையனுக்காகவாவது அமாவாசைக்கு அண்ணன் பேரைச் சொல்லி ஒரு கை எள்ளுத் தண்ணி..."

அண்ணி தாலியைப் பிடித்துக்கொண்டார்கள். "தாராளமா விடு தம்பி. இதையும் கழட்டித் தரேன், அதோட சேர்த்து விட்டுட்டு வா."

"ஐயோ, வேண்டாம் அண்ணி!" என்று காலில் விழுந்துவிட்டேன்.

ஆனி அமாவாசை அன்று காலை கோயில் குளத்தங்கரையில் உட்கார்ந்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர் எல்லாம் சொல்லி முடித்ததும் ஐயர், "வேற யாராவது உண்டா?" என்றார். இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டேன். தண்ணீர் விரலிடுக்கில் இறங்கியது. இவ்வளவு நாள் காணாமல் மட்டும் போயிருந்தவரை இப்போது நானே கொன்றுவிட்டேன்.

வீட்டில் அண்ணி இலை போட்டபடி, "அப்பாவுக்குக் கொடுத்தாச்சா தம்பி?" என்றார்கள்.

"ஆச்சு அண்ணி." அவர்கள் நெற்றியைப் பார்க்க முடியவில்லை.

நான்காம் நாள் போன் அடித்தது. "சித்தப்பா, நல்லா இருக்கேன். அம்மாகிட்ட குடுங்க."

அண்ணி பேசிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "பார்த்தியா? அவங்கப்பா எங்கேயோ உயிரோட இருந்துதான் பிள்ளையைக் காப்பாத்தறார். போ, முருகன் கோயில்ல அவர் ஆயுசுக்கு ஓர் அர்ச்சனை பண்ணிட்டு வா."

தேங்காய்த் தட்டோடு சன்னதியில் நின்றேன். குருக்கள் "பேர், நட்சத்திரம்?" என்றார். நட்சத்திரத்தை மட்டும் சொன்னேன். "சீக்கிரம் சொல்லுங்க சார், லைன் நிக்குது" என்று பின்னால் ஒருவர் இடித்தார்.

முருகா, எது நிஜமோ அதை நீயே வச்சுக்கோ என்று கண்ணை மூடிக்கொண்டு அண்ணன் பெயரைச் சொன்னேன்.