பொதுவிலேயே எடுத்துவிடுவாள்

பத்தாம் வகுப்பு முடிவு வெளியாகும் நாளில் எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு வேறு வேலை இருக்கும். எங்கள் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண்ணை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் முதலிடம் யார், வீடு எங்கே, அப்பாவுக்கு என்ன தொழில் என்று மத்தியானத்துக்குள் ஒரு பட்டியல் தயாராகிவிடும். ஆளுக்கு மூன்று வீடு. மற்ற பள்ளிக்காரர்கள் போவதற்குள் போய், பதினொன்றாம் வகுப்புக்கு எங்களிடம் வரச் சம்மதம் வாங்க வேண்டும். பிள்ளை பிடிக்கப் போகிறோம் என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

நான் பாளையங்கோட்டையில் அந்தத் தனியார் பள்ளியில் பதினெட்டு வருடமாக உயிரியல் எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் மசியாத வீடுகளாகப் பார்த்து என் தலையில் கட்டுவார்கள். போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியதில்லை என்று எனக்கு ஒரு கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படிப் போன வீடு ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில். அப்பா வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிறவர். அம்மா வாழையிலை அறுத்துக் கட்டுப் போடும் வேலைக்குப் போகிறவர். ஒரே பெண். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, அந்தப் பக்கத்திலேயே அதிக மதிப்பெண் எடுத்திருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்துவிட்டு இரண்டு பேரும் நின்றுகொண்டே கேட்டார்கள். எங்களிடம் வந்தால் ஃபீஸ் கிடையாது, விடுதிக்கும் பணம் கிடையாது, புத்தகம் இலவசம், நீட் தேர்வுக்கு வகுப்பும் பள்ளியிலேயே. ஒப்பித்து முடித்தேன். டாக்டர் என்ற சொல்லை எந்த இடத்தில் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அந்த இடத்தில் சொன்னேன்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கெவர்மெண்டு ஸ்கூல் பிள்ளையளுக்கு டாக்டர் சீட்டுல ஏழரை சதவீதம் தனியா உண்டும்னு சொல்லுதாங்கள்லா டீச்சர். உங்க ஸ்கூலுக்கு வந்தா அது போயிருமா?"

போய்விடும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத்தான் அந்த ஒதுக்கீடு. கடைசி இரண்டு வருடம் வெளியே வந்தால் முன்னால் படித்த ஐந்து வருடமும் கணக்கில் வராது. இது எனக்கு என் பெயரைப் போலத் தெரியும். 'போயிரும்' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மற்றதை அவர்கள் யோசித்திருப்பார்கள்.

நான் சொன்னது இது. "அண்ணாச்சி, ஒதுக்கீடு மார்க் வராத பிள்ளைகளுக்குத்தான். உங்க மகளுக்கு அது எதுக்கு? அவ பொதுவுலயே எடுத்துருவா."

கதவோரத்தில் நின்ற பெண்ணின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அம்மா சிரித்தார். அம்மாவைப் பார்த்து அப்பாவும் சரி என்றுவிட்டார். கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. நான் பொய் சொல்லவில்லையே என்று பஸ்ஸில் வரும்போதே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லாதவர்களுக்கு அதைச் சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியம் வருவதில்லை.

அவள் வந்து சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் திணறித் தவித்துப் போனாள். ஆங்கிலத்தில் நடத்தும் பாடத்தை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கு மேலும் பென்சிலால் தமிழில் பொருள் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நீட் மாதிரித் தேர்வு நடக்கும். திங்கட்கிழமை காலையில் பட்டியல் ஒட்டுவார்கள். அந்தப் பட்டியலை அவள் கீழிருந்து மேலாகப் பார்ப்பாள். அவளுக்கு முன்னாலேயே நான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

அதனால் ஞாயிறு தேர்வு முடிந்ததும் அவளை ஆசிரியர் அறையில் உட்கார வைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். என்ன, தத்து எடுத்தாச்சா என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். பாசம் என்று அவர்கள் நினைத்தார்கள். பாசமும் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் இருந்தது பயம். நான் சொன்ன சொல்லை அவள் மெய்யாக்கிவிட வேண்டும், பொதுவிலேயே எடுத்துவிட வேண்டும், அப்புறம் அந்தக் கேள்வி யாருக்கும் ஞாபகம் வராது என்ற பயம். தனக்காகப் படித்தாளோ எனக்காகப் படித்தாளோ, பேய் மாதிரி படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பட்டியலின் மேல் பாதிக்கு வந்துவிட்டாள். கடைசி மூன்று மாதம் முதல் ஐந்து பேரில் இருந்தாள்.

நீட் முடிவு வந்தது. எங்கள் பள்ளியில் அவள்தான் முதல். தாளாளர் அறையில் கேக் வெட்டினார்கள். நான் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்து, கைப்பேசியில் பொதுக் கலந்தாய்வில் அவளுடைய பிரிவுக்குப் போன வருடம் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்த மதிப்பெண்ணைப் பார்த்தேன். இவளுடையது அதற்குக் கீழே இருந்தது. ரொம்பக் கீழே இல்லை. கொஞ்சம் கீழே. அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கொன்றது. இந்த வருடம் இறங்கினாலும் இறங்கும் என்று சொல்லிக்கொண்டு கேக்கைத் தின்றேன்.

மறுநாள் அவளுடைய அப்பா ஒரு முழுப் பழத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். ஆசிரியர் அறை மேசையில் இறக்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் அவரே சீப்புச் சீப்பாக அறுத்துக் கொடுத்தார். ஹைகிரவுண்டிலேயே கிடைத்தால் நல்லது, வாரத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்துவிட்டுப் போவாள் என்று கூட வந்த அம்மா சொன்னார். எங்கள் ஊரில் ஹைகிரவுண்டு என்றால் அரசு மருத்துவக் கல்லூரி. எல்லாரும் கலைந்த பிறகு அப்பா என் பக்கத்தில் வந்து பைய ஒரு விஷயம் கேட்டார். பொதுவில் கிடைக்காமல் போனாலும் அந்த ஏழரை இருக்கிறதே, அந்தப் பட்டியல் எப்போது வரும் என்று.

மனிதர் இரண்டு வருடமாக அதைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பத்து வரை அரசுப் பள்ளியில்தானே படித்தாள், போகாது என்பதால்தான் டீச்சர் அப்படிச் சொன்னார்கள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். பார்ப்போம் அண்ணாச்சி என்றேன். இரண்டாவது தடவையும் அதே மனிதருக்கு, அதே கேள்விக்கு.

கலந்தாய்வு தொடங்கியது. முதல் சுற்றில் அவள் பெயர் வரவில்லை. பரவாயில்லை, இரண்டாம் சுற்றில் நிறைய இடம் காலியாகும் என்று அவளிடம் போனில் சொன்னேன். இரண்டாம் சுற்று முடிவு வந்த அன்று வகுப்பில் பாடம் நடத்தவே முடியவில்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரைத் தேடிப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்தேன். வரவில்லை. வகுப்பில் கைப்பேசி வைத்திருந்தால் பிள்ளைகளின் தோலை உரிப்பேன் நான்.

அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். பழைய பள்ளியில் பத்தாவது வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குத் தூத்துக்குடி மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்றாள். ஏழரையில். அந்தப் பெண் அங்கேயே பன்னிரண்டு வரை படித்தவள். இவளைவிட மதிப்பெண் குறைவு, அதுவும் நிறையவே குறைவு.

"வெள்ளைக் கோட்டுத் தைக்க அளவு குடுக்கப் போனா மிஸ். நானும் கூடப் போயிட்டு வந்தேன்" என்றாள்.

அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று காத்து நின்றேன். சரி மிஸ், வைக்கேன் என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதற்குள் தாளாளர் வண்ணார்பேட்டைப் பக்கம் பெரிய போர்டு வைத்துவிட்டார். அவளுடைய படம் ஆள் உயரத்துக்கு. கீழே, வருங்கால மருத்துவர். சீட் இன்னும் கிடைக்கவில்லையே என்று கேட்டேன். வருங்காலம் என்றுதானே போட்டிருக்கிறோம் என்றார். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்பது இதுதான். கையோடு இன்னொரு வேலையும் சொன்னார். அவள் இன்னொரு வருடம் எங்களிடமே தங்கி மறுபடியும் நீட் எழுத வேண்டும், எல்லாம் இலவசம். வேறு பயிற்சி மையத்துக்குப் போய்விட்டால் அடுத்த வருடம் அவர்கள் போர்டில் நிற்பாள். நீங்கள் போனால்தான் நடக்கும், போய் முடித்துவிட்டு வாருங்கள் என்றார். அந்த வீட்டுக்கு என்னை இரண்டாவது தடவை பிள்ளை பிடிக்க அனுப்புகிறார் என்பது எனக்குப் புரிந்தது. மறுத்திருக்கலாம். போனேன். தாளாளருக்காகப் போனேனா, அந்தக் கேள்விக்காகப் போனேனா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

அதே பிளாஸ்டிக் நாற்காலி. அதே இடத்தில் நின்றார்கள். பெண் இந்தத் தடவை கதவோரத்தில் நிற்கவில்லை, தரையில் உட்கார்ந்து புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா, நீங்கள் என்ன சொன்னாலும் சரி என்றார். அப்புறம் கேட்டார்.

"அவ கூட்டாளிக்கு வந்துட்டு டீச்சர். இவளுக்கு அந்த லிஸ்ட்டுல எப்போ வரும்?"

"வராது அண்ணாச்சி" என்றேன். "பதினொண்ணும் பன்னெண்டும் எங்ககிட்ட படிச்சுட்டா. இனி எத்தன தடவ எழுதினாலும் அது கிடையாது. சேர்ந்த அன்னைக்கே போயிட்டு."

அம்மா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேட்டேம்லா டீச்சர்."

"கேட்டீங்க."

"உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை விட்டுவிட்டு மகள் பக்கம் திரும்பி, உனக்காவது தெரியுமா என்று கேட்டார். அவள் அட்டையை மடித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"தெரியும்பா. பன்னெண்டாங் கிளாஸ் ஆரம்பிச்சப்பவே பழைய ஸ்கூல் டீச்சர் சொல்லிட்டாங்க. உங்ககிட்ட சொன்னா ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீய. பொதுவுலயே எடுத்துட்டா யாருக்கும் தெரிய வேண்டாம்னு நெனச்சேன்."

ஒரு முழு வருடம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுக்க, மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, போகும்போது தேங்க்யூ மிஸ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் மறைத்ததை அவளும் சேர்ந்து மறைத்திருக்கிறாள். நான் மறைத்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ள. அவள் அப்பாவுக்காக மறைத்திருக்கிறாள். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இருந்த கரிசனம் நாற்பத்தாறு வயதான எனக்கு இல்லை.

மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். யாரைப் பார்த்துச் சொன்னேன் என்று நினைவில்லை. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். தாளாளர் சொல்லியனுப்பியதை நான் சொல்லவேயில்லை. ஆனால் அவளுக்கு அது தெரிந்திருந்தது. இன்னொரு தடவை எழுதப் போகிறேன், வீட்டிலிருந்தே படித்துக்கொள்கிறேன், உங்கள் பள்ளிக்கு வரவில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் எழுந்து செருப்பைப் போடும்போது வாசல் வரை வந்தாள்.

"மிஸ், அந்தப் போர்டுல இருந்து என் படத்தை எடுக்கச் சொல்லுங்க. அதைப் பாத்துட்டு இன்னொரு பிள்ளை வந்துரும்."

அன்றே தாளாளரிடம் சொன்னேன். நடந்ததையும் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, பிள்ளைகள் அப்படித்தான் உணர்ச்சிவசப்படும், மே மாதம் புது போர்டு வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். சண்டை போட்டேன். எனக்குச் சண்டை போடத் தெரியும், ஆனால் வேலையை விட்டுவிட்டுச் சண்டை போடத் தெரியவில்லை. பட்டியலில் இனி என் பெயரைச் சேர்க்காதீர்கள், எந்த வீட்டுக்கும் போக மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு அவர் உடனே சரி என்றுவிட்டார். ஏன் அவ்வளவு சுலபமாகச் சரி என்றார் என்பது அப்போது புரியவில்லை.

இந்த மே மாதம் அவள் மறுபடியும் நீட் எழுதியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. எனக்கு அவள் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. போர்டு கடைசி வரை அங்கேதான் நின்றது. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து அரசுப் பள்ளிகளிலிருந்து மட்டும் நான்கு பிள்ளைகள் அப்பா அம்மாவோடு எங்கள் பள்ளிக்கு வந்து பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தார்கள். அவர்களை யாரும் போய்க் கூப்பிடவில்லை.