நாலாவது ஆள் நல்லையா

மலாய் நாட்டுக் காஜா பேராங்கில் நல்லையாவுக்கு இரண்டு வேலை. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து, டயர் கிடைக்காமல் போன அந்தக் காலத்தில் சைக்கிள் சக்கரங்களுக்குக் கெட்டி ரப்பர் சுற்றிக் கொடுப்பது ஒன்று. நாலாவது ஆளாகப் போவது இன்னொன்று.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போனால் விளங்காது என்பது தமிழர் வீட்டுச் சட்டம். ஆள் குறைந்தால் சிலர் மடியில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு, அதையும் ஓர் ஆளாகக் கணக்கு வைப்பார்கள். ஆனால் கல் பெண் வீட்டாரிடம் மழையைப் பற்றிப் பேசாது. நல்லையா பேசுவார். இருபத்திரண்டு கல்யாணங்களுக்கு அவர் பெண் பார்க்கப் போயிருக்கிறார். அவருக்கு ஒரு பெண் பார்க்க வேண்டுமென்று முப்பத்தாறு வயதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படியும் ஒரு ஊர்!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், கல்யாணம் ஆகாதவர்களைத்தான் முதலில் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றுகிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று பேச்சு கிளம்பியது. நல்லையா அக்காளிடம் ஓடினார். அக்காள் கோகிலா, பக்கத்துப் பண்டார் ஹிலிரில் இருக்கும் அஞ்சலையின் மகள் ருக்மணியை விசாரித்து, பெண் பார்க்க வெள்ளிக்கிழமை நாள் குறித்தாள். போவதற்கு அக்காள், அவள் கணவர் கருணாகரன் வாத்தியார், நல்லையா. ஆக மூன்று பேர்.

நாலாவது ஆளுக்கு நல்லையா தெருத்தெருவாக அலைந்தார். லாரியில் அள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று ஆண்கள் எவரும் தலைகாட்டவில்லை. இருபத்திரண்டு மாப்பிள்ளைகளுக்கும் அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். காப்பிக்கடை ஆ லிம் பயப்படுகிறவர் அல்ல. ஆனால் சீனருக்கு நாலு சாவு எண்ணாம். ஐந்தாவது ஆளாக என்றால் வருகிறேன் என்றார்.

"மூணு காலு முக்காலிதான் மச்சான் மேடு பள்ளத்துலயும் ஆடாம நிக்கும். இது விஞ்ஞானம்," என்றார் வாத்தியார்.

"நான் என்ன முக்காலியவா கட்டிக்கப் போறேன், அத்தான்?"

"ஒரு கல்லயாச்சும் எடுத்துக்கடா," என்றாள் கோகிலா.

"இருபத்திரண்டு பேருக்கு நான் ஆளாப் போனேன், எனக்கு மட்டும் கல்லா, அக்கா? வேணாம்."

மூன்று பேராகவே போனார்கள். வாசலில் அஞ்சலை தலைகளை எண்ணினாள். சந்தேகத்துக்கு இன்னொரு தடவையும் எண்ணினாள்.

"மூணு பேரா வந்து நிக்கிறீங்களே! இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

இன்னொரு நாள் என்பது நல்லையாவுக்குச் சயாமிலேயே விடியலாம். அவர் சைக்கிளைத் திருப்பினார்.

ருக்மணி அவித்த மரவள்ளிக்கிழங்குத் தட்டோடு உள்ளேயிருந்து வந்தாள். தட்டை அம்மா கையில் கொடுத்தாள். படியிறங்கி, கோகிலாவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"இப்ப எண்ணும்மா," என்றாள்.