கிராணி மீட்டரும் சன்னாசியின் கடலும்

சன்னாசிக்குச் சொந்தமாக ஓர் ஆசை வந்தது அறுபது தாண்டிய பிறகு, பல் பிடுங்கப் போன இடத்தில். அதுவரை அவருக்கு ஆசையே இருந்ததில்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது, ஆனால் எல்லாம் மற்றவர்கள் பார்த்துக் கொடுத்தது. பேரை வைத்தது ரப்பர் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, கிராணி என்பார்கள். அப்பா வேறு ஏதோ பேர் சொன்னாராம், கிராணிக்குப் பிடிக்கவில்லையாம். பெண் பார்த்தது அத்தை. ரப்பர் தோட்டத்தை மூடியபோது கமுந்திங்கில் கையுறை பேக்டரிக்குப் போகச் சொன்னது மச்சான் பத்துமலை. சட்டை எடுப்பது மனைவி மங்களம். ஈப்போவில் வழக்கமாகப் போகும் கோப்பிக் கடையில்கூட இவர் வாயைத் திறக்குமுன் சீனி குறைத்த தே தாரேக் டீ மேசைக்கு வந்துவிடும். மங்களம் கடை முதலாளி தவ்கேயிடம் சொல்லி வைத்திருக்கிறாள். மனுஷன் இதையெல்லாம் குறையாகச் சொன்னதே கிடையாது. சொல்லலாமா என்று யாரையாவது கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இருந்திருப்பார்.

பல் டாக்டரின் கிளினிக்கில் ஒரு கடல் தொட்டி இருந்தது. நீல வெளிச்சம், கல், கல்லின்மேல் ஆடுகிற பவளம், அதற்குள் நுழைந்து நுழைந்து வரும் மீன்கள். ஊசி போட்டு வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்த சன்னாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நர்ஸ் இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, வீங்கின கன்னத்தோடு மங்களத்திடம் சொன்னார்: "வீட்டுல ஒரு கடல் வைக்கப் போறேன்."

"மொதல்ல கஞ்சியக் குடிங்க."

"நெசமாத்தான் சொல்றேன்லா. நானே பார்த்து, நானே எடுத்து, நானே வைக்கணும். ஒரு சாமானாவது யாரும் சொல்லாம நான் எடுத்ததா இருக்கணும்."

மங்களம் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சுடவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாகப் போய்விட்டது. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

பத்துமலை வேனோடு வந்துவிட்டார். விரைவுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுவதை நிறுத்தினாரே தவிர, கூட வருகிறவர்கள் எல்லாரும் தன் பயணிகள் என்ற நினைப்பை நிறுத்தவில்லை. மீன் வளர்ப்பில் அவருக்கு அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டித் திலாப்பியா விட்டார். உடும்பு வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போனது. அந்த அனுபவம்.

"மச்சான், நீ சும்மா வா. நான் பேசிக்கிறேன்."

கடைக்காரப் பையன் பேர் கிளென். கடல் மீன் மட்டும் விற்கிறவன், தன்மையானவன், சண்டே பூசைக்கு மட்டும் கடையை மூடுகிறவன். முதல் தடவை வைக்கிறவர்களுக்கு நடுத்தரத் தொட்டி போதும் என்று சன்னாசியைப் பார்த்துச் சொன்னான். சன்னாசி ஒன்றைக் காட்ட விரலைத் தூக்கினார். விரல் பாதி வழியில் இருக்கும்போதே, "அது என்னா தொட்டி, குளிக்கிற வாளி மாதிரி? பெருசா எடு தம்பி!" என்று பத்துமலை சொல்லிவிட்டார். தூக்கின விரலால் சன்னாசி காதைச் சொறிந்துகொண்டார்.

அப்புறம் எல்லாம் அப்படித்தான் நடந்தது. விளக்கை மகள் சாந்தினி கோலாலம்பூரிலிருந்து போனில் பார்த்தே வாங்கி அனுப்பிவிட்டாள். அதைப் போட்டதும் வீடு முழுக்க நீலமாகி, தெருவில் போனவர்கள் உள்ளே கராவோக்கே ஆரம்பித்துவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். தொட்டியை எங்கே வைப்பது என்பதை மங்களம் முடிவு செய்தாள். சாமி மேடைக்கு நேர் எதிரே, சோபா இருந்த இடத்தில். சோபா வாசலுக்குப் போனது. அழுக்கை நுரையாகப் பொங்க வைத்து ஒரு கிண்ணத்தில் பிடிக்கிற கருவியைக் கிளென் காட்டியபோது சன்னாசிக்கு முகமே மலர்ந்துவிட்டது. "நம்ம ரப்பர் மரத்துல கட்டுற பால் மங்கு மாதிரிலா!" என்று ஒன்றை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். வேனுக்கு வருவதற்குள் பத்துமலை அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதைவிடப் பெரிதாக ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார்.

தண்ணீரைச் சூடாக்குகிற கருவியும் வாங்கினார் பத்துமலை. குளிர்தேசத்து வெள்ளைக்காரன் ஒருவன் வீடியோவில் கட்டாயம் வேண்டும் என்று சொன்னானாம்.

"அங்கிள், ஈப்போவில தண்ணி தானாவே கொதிக்குது," என்றான் கிளென். "கூல் பண்ற மெஷின்தான் வேணும்."

"மழைக்கு இருக்கட்டும்லா."

ஆக, தண்ணீரைச் சூடாக்க ஒன்று, அந்தச் சூட்டை இறக்க ஒன்று என்று இரண்டு மெஷின்கள் ஒரே தொட்டியில் மாட்டப்பட்டன. அவை ஒன்றையொன்று எதிர்த்து ராவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தன. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

கடைசியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு சாமான். "உப்பு மீட்டர்," என்றான் கிளென். "இது சரியில்லன்னா எல்லாமே போச்சு அங்கிள். உப்பு கூடினாலும் மீன் செத்துடும், கொறஞ்சாலும் செத்துடும்."

பத்துமலை வாயைத் திறந்தார். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாகச் சன்னாசி முந்திக்கொண்டார். "மீட்டர் எங்கிட்ட இருக்கு. நான் எடுத்துக்கிறேன்."

பத்துமலை திறந்த வாயை மூட மறந்து நின்றார்.

அலமாரியில், பழைய கைலிக்குள் சுற்றி வைத்திருந்த பால் மீட்டர் அது. அடியில் குண்டும் மேலே நீண்ட கழுத்தும் உள்ள கண்ணாடிச் சாமான், கழுத்தில் நம்பர் போட்டிருக்கும். தோட்டத்தில் எடுத்து வந்த ரப்பர் பாலைக் கிராணி அதை மிதக்கவிட்டுத்தான் பார்ப்பார். ரப்பர் தண்ணீரைவிட லேசு, அதனால் பால் கெட்டியாக இருந்தால் மீட்டர் உள்ளே இறங்கி நல்ல நம்பர் காட்டும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே ஏறிக்கொண்டு சைபருக்கு வந்துவிடும். "தண்ணி கலந்திருக்கு!" என்பார் கிராணி. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. சன்னாசியின் அம்மாவுக்கும் பத்துமலையின் அம்மாவுக்கும் நாக்கு எவ்வளவு நீளம் என்று தோட்டத்துக்கே தெரியும். மானேஜரையே திட்டினவர்கள். ஆனால் மீட்டரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. ஸ்டோரை மூடியபோது குப்பையில் கிடந்ததைச் சன்னாசிதான் எடுத்து வந்தார். உலகத்தில் பொய் சொல்லாத சாமான் அது ஒன்றுதான் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

இங்கேதான் வந்தது வினை. உப்பு பாலுக்கு நேர் எதிர். தண்ணீரில் உப்பு ஏற ஏற, மிதக்கிற சாமானை அது மேலே தூக்கும். அந்த மீட்டரை உப்புத் தண்ணீரில் விட்டால் ஆயுசுக்கும் சைபரைத் தாண்டி உள்ளே இறங்காது. பேக்டரியில் கையுறை உருவிய மனுஷனுக்கு இது எப்படித் தெரியும்?

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, கிளென் சொன்ன அளவுக்கு உப்பைக் கரைத்தார்கள். சன்னாசி குளித்து, முகம் மழித்து, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். மீட்டரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இறக்கினார். அது குதித்து மேலே வந்து ஆடியது. மங்களமும் பத்துமலையும் தங்களை அறியாமலே ஒருவர் பின்னால் ஒருவராக வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"தண்ணி கலந்திருக்கு," என்றார் சன்னாசி.

"தண்ணிதான மச்சான்?" என்றார் பத்துமலை.

"உப்பு பத்தல. சைபர்ல நிக்குது. கொண்டா!"

கொண்டா என்று மச்சானிடம் அவர் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பத்துமலையும் மறுபேச்சில்லாமல் இன்னொரு வாளி உப்பைக் கொண்டுவந்து கொட்டினார். மீட்டர் இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டியது. சைபர். வேன் கிளென் கடைக்குப் பறந்தது, இரண்டு வாளியோடு திரும்பியது. சைபர். மங்களம் சமையல்கட்டு உப்பைக் கொண்டுவந்து போட்டாள். பக்கத்து வீட்டு முத்தம்மா, என்ன விசேஷமோ ஏதோ என்று தன் வீட்டு உப்பு டப்பாவையும் கவிழ்த்துவிட்டுப் போனார். மீட்டர் இப்போது தண்ணீருக்கு மேல் நட்டுக்குத்தலாக நின்று ஆளையே முறைத்தது.

"இன்னும் தண்ணியாத்தான் இருக்கு," என்றார் சன்னாசி. வேர்த்து ஊற்றியது. ஆனால் அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. இத்தனை சாமான் உறுமுகிற வீட்டில் அவருடைய சாமான் சொல்வதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

மறுநாள் கிளென் கல் அடுக்க வந்தான். வந்தவன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். அடுத்த கணம் வாசலுக்கு ஓடி, சோபாவைத் தாண்டி, வேலியோரம் துப்பினான்.

"அலாமா! என்னா அங்கிள் இது, கருவாடு போடப் போறீங்களா?"

தன் கருவியை எடுத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். அதில் அளவே எட்டவில்லை. மங்களத்துக்குச் சந்தேகம் வந்து, ஒரு முட்டையைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டாள். முட்டை பாதி உடம்பு வெளியே தெரிய ஜம்மென்று மிதந்தது.

"ஏங்க, மாங்கா ஊறப்போட இது போதும்ங்க!" என்று சிரிக்க ஆரம்பித்தவள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பத்துமலை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நேற்று வரிசையில் நின்ற ஆள்தான் அவரும்! கிளென் பால் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னான்.

சன்னாசி மீட்டரை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய தொட்டியில் அவர் தேர்ந்தெடுத்தது அது ஒன்றுதான். அதுவும் இப்படியாகிப்போனது. இத்தனை வருஷம் எல்லாரும் எனக்காகப் பார்த்து எடுத்தது சரிதான் போல என்று நினைத்தார். நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. சிரித்த வாயோடு தேடி வந்த மங்களம் அதைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு அந்த முட்டைக் கதையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பத்துமலை ஊர் முழுக்கச் சொன்னார்.

"இனிமே நீ ஒண்ணும் தொடாத மச்சான்," என்று பொறுப்பை முழுசாக எடுத்துக்கொண்ட பத்துமலை, அந்த உப்புத் தண்ணீரை எங்கே விடுவது என்பதையும் தானே முடிவு செய்தார். மறுவாரம், நாலு வீடு தள்ளி இருந்த அவருடைய முருங்கை மரம் பட்டுப்போனது. நியாயமாகப் பார்த்தால் சன்னாசி சிரித்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை.

புதுத் தண்ணீர், சரியான உப்பு, கிளென் கொடுத்த சரியான கருவி. மீன் விடுகிற பதத்துக்குத் தண்ணீர் பழுக்க வாரக்கணக்கில் ஆகும் என்றான். வந்தவர்களெல்லாம் தண்ணீரையும் கல்லையும் பார்த்து, மீன் எங்கே என்று கேட்டார்கள். பத்துமலைதான் பதில் சொன்னார். சன்னாசி காலையில் எழுந்து நுரைக் கிண்ணத்தைக் கழுவி வைப்பார், மற்றபடி வாசல் சோபாவில் உட்கார்ந்திருப்பார்.

முதல் மீன் எடுக்கிற நாள் வந்தது. கடையில் பத்துமலை ஆரஞ்சுக் கலரில் கோடு போட்ட மீனைக் காட்டினார். போனில் சாந்தினி மஞ்சள் மீன்தான் வேண்டும் என்றாள். மங்களத்துக்கும் நீல மீன்மேல் ஒரு கண் இருந்தது. சன்னாசி மூலையில் ஒரு தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். உள்ளே கல்லின்மேல் ஒரு மீன் உட்கார்ந்திருந்தது. ஆமாம், உட்கார்ந்திருந்தது. மண் கலர், தடித்த உதடு, தலைக்குமேல் இரண்டு முட்டைக்கண்.

"அது பாசி தின்னுற மீன் அங்கிள்," என்றான் கிளென். "கலர் கெடையாது, யாரும் எடுக்க மாட்டாங்க. அது பாட்டுக்குக் கல்லு மேல உக்காந்து எல்லாரையும் பார்த்துக்கிட்டிருக்கும்."

"அத விடு மச்சான், அசிங்கமா இருக்கு. இங்க வா," என்றார் பத்துமலை.

சன்னாசியின் விரல் பாதி தூக்கினபடி நின்றது. காதுப்பக்கம் போகப் போனது.

"அண்ணே, சும்மா இருங்க," என்றாள் மங்களம். நீல மீனைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். "அவரு பார்க்கட்டும்."

விரல் கண்ணாடியைத் தொட்டது.

"இதக் குடு தம்பி."

அன்று சாயங்காலம் முத்தம்மா மீன் பார்க்க வந்தார். அவ்வளவு பெரிய தொட்டி, அவ்வளவு நீல வெளிச்சம், ஒன்றையொன்று எதிர்த்து உறுமும் மெஷின்கள். நடுவில் ஒரு கல்லின்மேல், தடித்த உதட்டோடு, மண் கலரில் ஒரே ஒரு மீன்.

"ஐயோ, இது என்னா இப்படி இருக்கு! யாரு எடுத்தா இத?"

பத்துமலை வாயைத் திறந்தார். மங்களம் அவரைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"நாந்தான்," என்றார் சன்னாசி.

"ஒங்க மொகம் மாதிரியே இருக்குலா அண்ணே!"

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.