மண்வெட்டியில் ஒரு குளவிக்கூடு

கோடை முழுவதும் செஞ்சியில் மலைப்பாறைகள் பகலில் வாங்கிய வெயிலை இரவில் எங்களிடம் திருப்பிக் கொடுக்கும். இந்த வருடம் என் தோட்டத்தில் செழித்தவை குளவிகள் மட்டும்தான். அவற்றில் ஒன்று, கொட்டகைச் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியின் பிடியில் மண்ணால் கூடு கட்டியது. தட்டிவிடப் போனேன். மனைவி என் கையைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதீங்க. வீட்ல குளவி கூடு கட்டுனா கொழந்த பொறக்கும்."

கட்டிக்கொடுத்த மகள் அப்போது மூன்று மாதக் கர்ப்பம். அலமாரி நிறையப் புத்தகம் படித்த பகுத்தறிவாளன் நான். ஆனால் வேலை செய்யாமலிருக்க மூடநம்பிக்கை ஒரு காரணம் தரும்போது எதற்கு மறுக்க வேண்டும்? மண்வெட்டியைத் தொடவில்லை. தினமும் காலையில் கூடு பத்திரமாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனிக் கடைசியில் கரு கலைந்துவிட்டது. மகள் எங்களோடு வந்து தங்கினாள்.

புரட்டாசி மழையில் மண் இளகியது. அவரை விதையோடு கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்தாள்.

"இன்னா நைனா, குழி வெட்டலயா?"

"குளவி இருக்குதும்மா."

"பயந்தாங்கொள்ளி. அது எப்பவோ பறந்து போச்சு. பாரு, ஓட்டையா இருக்குது."

கூட்டின் ஓட்டையை விரலால் தடவினாள். தட்டிவிடவில்லை. வீட்டுக்குள் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் கேட்டேன்.

"உங்களுது இன்னா ஆச்சு சார்?"

"பிடி ஆடுது" என்றேன்.