ஆடிய அடிப்பலகை

எந்தக் கட்டையை எடுத்தாலும் அவர் முதலில் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். அறுத்த முகத்தைக் கன்னத்தோடு ஒட்டி, கண்ணை மூடி, போனில் யாரோ ரகசியம் சொல்வதைக் கேட்பதுபோல நிற்பார். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம். கட்டை அலமாரிக்கே திரும்பிவிடும். சில்லிப்பு போயிருந்தால்தான் ரம்பம்.

"என்னை என்னிக்காவது இப்படிக் கொஞ்சியிருக்கீங்களா?" என்பாள் மனைவி.

"உன்னைத் தொட்டுப் பார்க்கணுமா என்ன? நீ எப்பவும் சூடுதான்."

பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. அதனால் தெருவுக்கே அவர் 'லென்ஸ்'. மாலையானால் பின்னறையில் மரம் கடைகிற லேத் சுற்றும். மரத்தை ஆப்பு ஆப்பாக அறுத்து, பன்னிரண்டு துண்டைச் சேர்த்து ஒட்டினால் ஒரு வளையம். வளையத்தின்மேல் வளையமாக அடுக்கி, சுழலவிட்டு, உளியால் கடைந்தால் கிண்ணம். கறுப்பும் சிவப்புமாகத் துண்டுகள் மாறி மாறி வரும். பார்ப்பவர்கள் தடவிப் பார்க்காமல் போக மாட்டார்கள்.

அப்படி ஒன்றை அவருடைய அக்கா புதுவீடு போனபோது கொடுத்தார். முதல் மழையிலேயே, விருந்தாளிகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அலமாரியில் 'டப்' என்று ஒரு சத்தம்.

"டேய், உன் கிண்ணம் வாயைப் பொளந்துடுச்சுடா," என்றாள் அக்கா போனில். "இவரு துப்பாக்கிச் சத்தம்னு சோத்துத் தட்டோட எந்திரிச்சிட்டாரு."

தப்பு எங்கே என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. மரம் நீளவாக்கில் அசையாது. அகலவாக்கில் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சுற்றுச்சுவரில் துண்டுகள் வட்டமாகப் படுத்திருப்பதால் சேர்ந்து ஊதி, சேர்ந்து இளைக்கும். அடியில் மட்டும் ஒரே பலகை. அதைச் சுற்றிலும் பசை போட்டு இறுக்கிவைத்திருந்தார். மழைக்காற்று பட்டதும் அது பக்கவாட்டில் முட்டித் தள்ளி, வளையத்தைப் பிளந்துவிட்டது.

மனைவி இதற்காகவே காத்திருந்ததுபோல் பேச்சை எடுத்தாள். அவளுடைய தையல் மிஷின் கட்டிலின் கால்மாட்டில் ஒண்டிக்கொண்டு கிடந்தது. "உங்க அக்காவுக்கு இன்னொண்ணு செஞ்சு குடுங்க. ஒரு வெயில், ஒரு மழை தாங்கிச்சுன்னா பின்னறை உங்களுது. விரிசல் விட்டுச்சு, லேத்தை வித்துட்டு ரூமைக் காலி பண்ணணும். என் மிஷினு அங்க போகும்."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் அலமாரியில் கட்டை தேடப் போனார்.

இரண்டாவது கிண்ணத்தில் அடிப்பலகைக்குப் பசையே இல்லை. கீழ் வளையத்தின் உள்பக்கம் சுற்றிலும் பள்ளமாக ஒரு காடி எடுத்து, கதவுச் சட்டத்துக்குள் பலகை உட்கார்ந்திருப்பதைப்போல, அதைச் சும்மா உட்காரவைத்தார். ஊதினாலும் இளைத்தாலும் அதற்கு இடம் உண்டு.

மழை ஓய்ந்ததும் கிண்ணம் அக்கா வீட்டுக்குப் போனது. வெயில் ஏறியதும் போன் வந்தது.

"அடி ஆடுதுடா. எடுத்தா லொடலொடங்குது."

"ஆடட்டும்க்கா. ஆடுனாத்தான் அது பொழைக்கும்."

"இவருக்குத் தூக்கம் வரல."

அக்கா புருஷன் அப்படித்தான். நாற்காலிக் கால் ஆடினால் சாப்பாடு இறங்காது அந்த மனிதருக்கு.

"மாமாவைக் கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லு. என் ரூமே அதுலதான் இருக்கு."

மறுபடி மழை பிடித்தது. மற்றவர்கள் குடையைத் தேட, லென்ஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அடிக்கவில்லை. அடிக்காத போன் இன்னும் மோசம். ஊறி வழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவியோடு நேரிலேயே போய்விட்டார். கிண்ணத்தை ஜன்னல் பக்கம் தூக்கி, கீறல் விழுந்த லென்ஸைத் தேடுகிற கண்ணோடு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மயிரிழை விரிசல்கூட இல்லை. குலுக்கினார். சத்தமும் இல்லை.

"பாத்தியா? மழையில பலகை ஊதி, காடியில கச்சிதமா உட்காந்துடுச்சு," என்று அக்காவுக்கும் மாமாவுக்கும் வகுப்பே எடுத்தார். மாமா காபி டம்ளருக்குள் முகத்தை விட்டிருந்தார்.

"ரூமு உங்களுக்கே," என்றாள் மனைவி, மழையில் நனைந்த செருப்பைத் தேடிக்கொண்டே. கிடைத்ததும் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே தெருவில் இறங்கி நடந்தாள். தோற்ற வருத்தம் என்று நினைத்து, வழியெல்லாம் அவர் தன் சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு வந்தார்.

பல மாதம் கழித்து மாமா கண்ணாடி மாற்றக் கடைக்கு வந்தார். புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தவர் அந்தத் தெளிவில் வாயை விட்டுவிட்டார்.

"அந்த ஆட்டத்தை நிறுத்துனது நான்தான் மாப்ளே. வெயில் காலத்துலயே. எனக்குத் தாங்கல. மரத்துக்குப் போடுற பசையோடதான் உட்காந்தேன். அன்னிக்குப் பாத்து உன் பொண்டாட்டி உங்க அக்காவப் பாக்க வந்திருந்தா. 'அண்ணா, அது கல்லு மாதிரி இறுகிடும், மழை வந்தா உடைஞ்சிடும்'னு கையிலேர்ந்து புடுங்கிட்டா. பாத்திரம் கழுவுற தொட்டி ஓரத்துல பூசுவோமே, ரப்பர் மாதிரி ஒரு பசை, அதை எடுத்துக் குடுத்தா. 'இது அமுக்குனா அமுங்கும், இழுத்தா இழுபடும், இதைப் போடுங்க'ன்னா. வெளிய தெரியாம உள்ளயே பூசணும்னா. காடிக்குள்ள இருட்டா இருந்துச்சு. டார்ச் அடிச்சதும் அவதான்."