வெர்னாவின் மடக்குத் துப்பாக்கி

ஓக்லஹோமாவில் எங்கள் கௌபாய் துப்பாக்கிச் சங்கத்தில் பழைய கௌபாய் காலத்து உடையும் ஆளுக்கொரு பட்டப்பெயரும் கட்டாயம். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் வெர்னாவின் பெயர் அடங்காப்பிடாரி. அவளே வைத்துக்கொண்டது. வேறு எவனுக்கும் அந்தத் தைரியம் கிடையாது.

அவளிடம் ஒரு மடக்குத் துப்பாக்கி. கொக்கியைத் தட்டினால் குழல் மடிந்து, சுட்ட தோட்டாக் கூடுகள் ஒரே துள்ளலில் வெளியே விழும். எங்கள் துப்பாக்கியில் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டும். எங்கள் போட்டியில் குறைந்த நேரத்தில் சுட்டு முடிப்பவருக்கே வெற்றி. ஆனால் கூடு தள்ளும் வேலையெல்லாம் கடிகாரம் நின்ற பிறகுதான், அதனால் அவளுக்குக் காலணா லாபமில்லை. எப்போதும் அவள்தான் கடைசி.

அன்றும் கடைசிச் சுற்றுவரை அப்படித்தான். அவள் புருஷனின் தம்பி ஓடெல் சும்மா இருப்பானா?

"அண்ணி, அது துப்பாக்கியா, கொட்டை உடைக்கிற இடுக்கியா? இன்னிக்கும் கடைசின்னா வித்துட்டு எங்கள மாதிரி ஒண்ணு வாங்கிடுங்க. சம்மதமா?"

"சம்மதம் கொழுந்தனாரே."

ஒவ்வொரு சுற்றிலும் எப்படிச் சுட வேண்டும் என்பதை நாங்கள் முறைவைத்துப் பலகையில் எழுதுவோம். கடைசிச் சுற்று வெர்னா எழுதியது என்பதைப் பலகையைப் பார்த்த பிறகுதான் ஓடெல் உணர்ந்தான். ஐந்து சுடு, காலி செய்து மறுபடி ஐந்து போடு, ஐந்து சுடு. எல்லாம் கடிகாரம் ஓடும்போதே.

"இது அழுகுணி ஆட்டம் அண்ணி!"

"படிக்கத் தெரியும்ல? போய்ச் சுடுங்க."

ஓடெல் குத்தினான், தள்ளினான், தோட்டாவைக் கீழே போட்டான், ஏசுவைக் கூப்பிட்டான். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. கடிகாரம் என் கையில் இருந்ததால் சிரிக்கவில்லை.

அடுத்து வெர்னா. ஐந்தும் பட்டன. துப்பாக்கியை மடக்கினாள். கூடுகள் துள்ளின. அதில் ஒன்று, கொதிக்கக் கொதிக்க, அவளுடைய பழங்கால கவுனின் கழுத்துக்குள் நேராக இறங்கியது.

குழல் பக்கவாட்டில் திரும்பினாலும் துப்பாக்கி நழுவினாலும் ஆட்டத்தை விட்டே வெளியேற்றிவிடுவோம். அவளுக்குக் கண் பிதுங்கியது, வலது கால் தரையை உதைத்தது, வாயிலிருந்து வந்ததை எழுதினால் பாதிரியார் என்னை உள்ளே விடமாட்டார். குழல் மட்டும் இலக்கைவிட்டு அசையவில்லை. ஐந்து போட்டாள், சுட்டாள், ஐந்து இரும்புத் தகடும் ஒலித்தன. துப்பாக்கியை மேஜையில் பத்திரமாக வைத்தாள். அதன்பிறகுதான் அலறிக்கொண்டு கவுனை உதறினாள்.

எல்லாச் சுற்று நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் ஓடெல் கடைசி.

"அண்ணி, ரொம்பச் சுட்டுடுச்சா? டாக்டர கூப்பிடவா?"

"எனக்கு எதுக்கு டாக்டர்? உங்க துப்பாக்கிய எப்ப விக்கிறீங்க, அதச் சொல்லுங்க."

அடுத்த போட்டிக்கு ஓடெல் புத்தம்புது மடக்குத் துப்பாக்கியோடு வந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டைப் பித்தானைத் தொண்டைவரை போட்டிருந்தான்.